இரண்டா, மூன்றா

துர்க்கு நகரில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
ஔரா ஆற்றின்மேல்
மழையுமில்லாமல் பனியுமில்லாமல்
இரண்டுங்கெட்டானாய் ஏதோ விழுந்துகொண்டிருக்கிறது.
இந்த நுண்ணோக்கிக்கு இரட்டைத் தலை.
ஒன்றில் நான், எதிரே இல்போ.
நடுவில், கண்ணாடிச் சில்லின் மேல்
யாரோ ஒருவருடைய பெருங்குடல்
ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு.

மெழுகுக் கட்டிகள் முப்பது வருடப் பழசு.
நிலவறை இழுப்பறைகளிலிருந்து அவற்றை எடுத்து
ஆளுக்கொரு துளி தோண்டி
நாற்று நடுவதுபோல் வரிசை வரிசையாய் நட்டவள் கைசு.
பெயர் தெரியக்கூடாது என்பது விதி.
முந்நூற்றுப் பன்னிரண்டு எண்கள்.
ஒரு கட்டியின் ஓரத்தில் மட்டும் யாரோ பென்சிலால்
"அவசரம்" என்று எழுதியிருந்தார்கள்.
தொண்ணூற்று மூன்றாம் வருடத்து அவசரம்.

நாங்கள் தேடுவது ஈ-கேட்ஹெரின்.
பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொள்கிற கை அது.
கால்சியம் இருந்தால்தான் பிடி இறுகும்.
கை இருக்குமிடம் சாயத்தில் பழுப்பாகும்,
இல்லாத இடத்தில் வெறும் நீலம்.

சுற்றிலும் வேலிபோலப் பழுப்பு என்றால் மூன்று.
அங்கங்கே அறுந்திருந்தால் இரண்டு.
மங்கல், ஒன்று.
பிறகு பூஜ்ஜியம்.

"மூன்று" என்கிறார் இல்போ.
எனக்கு இரண்டாகத்தான் தெரிகிறது.
மறுபடி பார்க்கிறோம். காபி ஆறிப்போகிறது.
மனைவி வக்கீல் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து
எல்லாவற்றுக்கும் அவர்
ஒரு மதிப்பெண் கூட்டியே போடுகிறார்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
ஆய்வறிக்கையில் "பார்வையாளர் வேறுபாடு" என்று
ஒரு வரி வரும்.

விளிம்புக்கு நகர்த்து என்கிறேன்.
கட்டி தசையைத் தின்னும் இடம்.
அங்கே நாலைந்து செல்கள்
கூட்டத்திலிருந்து நழுவி நிற்கின்றன,
கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவர்கள்போல.
பழுப்பே இல்லை.
யாரோடும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.
கைக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுத்த பீட்டா-கேட்டனின்
வேலை போன பிறகு சும்மா இருக்காது;
உட்கருவுக்குள் புகுந்து
பெருகு பெருகு என்று உத்தரவு போடும்.
"பூஜ்ஜியம்" என்றேன்.
இல்போ தலையாட்டினார், கொஞ்சம் தாமதமாக.

மார்ச்சில் முகத்திரை விலகியது.
தம்பெரேயிலிருந்து புள்ளியியலாளர் ரைலி
ஒரு படம் அனுப்பினாள்: இரண்டு படிக்கட்டுகள்.
இறங்க மட்டுமே தெரிந்த படிக்கட்டுகள்.
பழுப்புக்காரர்கள் மெதுவாக,
நீலக்காரர்கள் வேகமாக.
ஒவ்வொரு படியும் ஒரு சாவு.
இடையிடையே சின்னச் சின்னக் கீறல்கள்.
கீறல் என்றால் அதற்குமேல் தெரியாது என்று பொருள்.

எண் 88. பூஜ்ஜியம் போட்டது நான்.
இரண்டாயிரத்து மூன்று, ஸ்வீடனுக்குக் குடிபெயர்வு.
தகவல் இல்லை.
அறுவை முடிந்து பத்து வருடம் கழித்து
வயிற்றில் நீளத் தழும்போடு
இரவுக் கப்பலின் ஏணியில் பெட்டியை இழுத்துப்போகும்
ஒரு முதுகு எனக்குத் தெரிகிறது.
ஆணா பெண்ணா என்று தெரியவில்லை.
என் பூஜ்ஜியத்தை அந்த முதுகிடம்
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்லது.

எண் 141-க்கும் விளிம்பில் பூஜ்ஜியம்தான்.
பதினான்கு மாதம்.
அவருடைய கல்லீரல் துண்டும் நிலவறையில் இருந்தது.
கணக்குக்குத் தேவையில்லாதது;
கைசு தானாகவே சாயம் போட்டுக் கொண்டுவந்தாள்.

வைத்துப் பார்த்தோம்.
பிடியை விட்டு, தனியாக நழுவி,
ரத்தத்தில் அடிபட்டு மிதந்து
அந்நிய உறுப்பில் கரையேறிய அவை
அங்கே போய் வட்டம் கட்டி உட்கார்ந்திருந்தன.
ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு.
ஒரு கண்ணிகூட அறாத
அடர்ந்த பழுப்பு.

"மூன்று" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.
அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படி நடந்ததில்லை.
இல்போ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாசலில் கைசு, கையுறையோடு:
"சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறதா?"

பிடித்திருக்கிறது என்றேன்.